நிற்க வேண்டிய மோட்டார்

திண்டிவனத்தில் எனக்கு மோட்டார் காயில் கட்டும் கடை. எரிந்துபோன மிக்ஸி, கிரைண்டர், கிணற்று மோட்டார் எல்லாம் வரும். கருகின கம்பியை வெட்டி எடுத்துவிட்டுப் புதுக் கம்பி சுற்றி, வார்னிஷ் ஊற்றி, ஓடவிட்டுக் காட்டிக் காசு வாங்குவேன். இருபத்தாறு வருஷமாக இதே வேலை. ஓடாத மோட்டாரைக் கண்டாலே எனக்குக் கோபம் வரும். மனுஷர்களைக் கண்டாலும் வரும் என்பாள் என் மனைவி. மூக்கு மேல் கோபம் என்று அவள் சொல்வதில் பொய் இல்லை.

விமானம் விடும் ஆசை நாற்பத்தெட்டாவது வயதில் வந்தது. காணைப் பக்கம் ஒரு கரும்பு விவசாயியின் போர் மோட்டாரைக் கட்டி எடுத்துக்கொண்டு போயிருந்தேன். அவருடைய மல்லாட்டைக் கடலை பிடுங்கின கொல்லையில் பத்துப் பேர் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார்கள். மேலே ரிமோட்டில் ஓடும் ஒரு மஞ்சள் விமானம் சுற்றியது. கையை அகல விரித்தால் எவ்வளவோ அவ்வளவு இறக்கை. அது இறங்கியதும் கிட்டே போய்க் குனிந்து மூக்கைப் பார்த்தேன். எலுமிச்சம்பழ அளவில் ஒரு மோட்டார், அதற்குள் என் வேலைதான், செப்புக் கம்பி. இத்தனூண்டு காயில் ஒரு விமானத்தைத் தூக்கிக்கொண்டு போகிறது என்றால் எனக்குத் தூக்கம் வருமா? அடுத்த ஞாயிற்றுக்கிழமையே போய்ச் சேர்ந்துவிட்டேன்.

அது ஒரு சின்ன கிளப். என்னோடு பதினோரு பேர். தலைவர் கோட்டக்குப்பத்துக்காரர். வளைகுடாவில் பல வருஷம் ஏசி மெக்கானிக்காக இருந்துவிட்டு ஊர் திரும்பியவர். எல்லோரும் பாய் என்றுதான் கூப்பிடுவோம். புதிதாகச் சேர்கிறவர்களுக்குக் கற்றுக்கொடுப்பது ஒரு பெண். விழுப்புரத்தில் ஒரு பாலிடெக்னிக்கில் லேப் உதவியாளர், வயது இருபத்தேழு. என் கடையில் வேலை செய்த பையன்களைவிடச் சின்னவள். அவளிடம்தான் நான் கற்றுக்கொள்ள வேண்டும் என்று பாய் சொன்னபோது, மனதுக்குள் லேசாகச் சிரித்துக்கொண்டேன். ஆழம் தெரியாமல் விட்ட கால் அது.

முதல் நாள் அவள் என் கையில் விமானத்தைக் கொடுக்கும் முன் முன்னாலிருந்த விசிறியைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டாள். "விசிறி எப்ப மாட்டலாம்னு நான் சொல்றேன் சார். உங்க தொழிலுக்கு விரல் வேணும்ல?" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. மூன்று பேஸ் கரண்டில் கை வைத்துப் பிழைத்தவனிடம் பேசுகிற பேச்சா?

கிளப்பில் கட்டுப்பாடுகள் நிறைய. கொல்லையில் கபடிக்குப் போடுவது போல ஒரு சுண்ணாம்புக் கோடு இருக்கும். ஆட்கள் எல்லாம் கோட்டுக்கு இந்தப் பக்கம், விமானம் அந்தப் பக்கம். தலைக்கு மேல் கொண்டுவரவே கூடாது. கிளப்பும்போது "எடுக்கிறேன்" என்று சத்தமாகச் சொல்ல வேண்டும், இறக்கும்போது "இறக்குறேன்". யாராவது கோட்டைத் தாண்டி விழுந்ததை எடுக்கப் போனால் "களத்துல ஆள்" என்று கத்த வேண்டும். பேட்டரி சார்ஜ் ஏறும்போது மணல் போட்ட மண்சட்டிக்குள் இருக்க வேண்டும். தீப்பிடித்தால் சட்டியோடு போய்விடும். மீன் குழம்பு வைத்து விரிசல் விட்ட சட்டி அது, பாய் வீட்டிலிருந்து வந்தது.

இவற்றையெல்லாம்விட முக்கியம் ஒரு அட்டை. பறப்பதற்கு முன் பார்க்க வேண்டியவை அதில் வரிசையாக இருக்கும். கற்றுக்கொள்கிறவன் ஒவ்வொன்றாகச் செய்து காட்ட வேண்டும், அவள் டிக் அடிப்பாள், கடைசியில் கையெழுத்துப் போடுவாள். கையெழுத்து இல்லாமல் விமானம் தரையைவிட்டு எழும்பாது.

ஆறு மாதம் கற்றுக்கொண்டேன். ஞாயிறு காலை ஐந்தரைக்கு பைக்கை எடுத்தால் காற்று கிளம்பும் முன் காணை போய்விடலாம். முதலில் கிளப் விமானம், இரண்டு ரிமோட். ஒன்று என் கையில், ஒன்று அவள் கையில். நான் தடுமாறினால் ஒரு சுவிட்சைத் தட்டி அவள் வாங்கிக்கொள்வாள். விமானம் நம்மைவிட்டுப் போகும்போது இடது இடதுதான். நம்மைப் பார்த்துத் திரும்பி வரும்போது எல்லாம் தலைகீழ். கட்டைவிரல் ஒரு பக்கம் தள்ளும், விமானம் மறுபக்கம் சாயும். "எந்த இறக்கை தாழுதோ அந்தப் பக்கம் ரிமோட் குச்சியைத் தள்ளுங்க சார்" என்று அவள் சொன்னது பதினைந்தாவது தடவையில் விரலுக்குப் புரிந்தது. வீட்டில் லேப்டாப்பில் பொம்மை விமானம் விட்டுப் பழகினேன். சாப்பாடு போடும்போது என் மனைவி "இன்னிக்கு எத்தினி வுழுந்துச்சு?" என்று கேட்பாள்.

இதற்கிடையே கடையில் உட்கார்ந்து எனக்கென்று ஒரு விமானம் செய்தேன். ஃபோம் போர்டு இறக்கை, சிவப்பு டேப். மோட்டாரை வாங்கின அன்றைக்கே பிரித்து, சுற்றுகளை எண்ணி, மறுபடி மூடினேன். எல்லாவற்றையும் என் கை நேர்த்தியோடுதான் செய்தேன். வினை அந்த நேர்த்தியில்தான் இருந்தது.

ரிமோட் சொல்வதை விமானத்துக்குள் வாங்கிக்கொள்வது ரிசீவர் என்ற சின்னப் பெட்டி. அதிலிருந்து முடி மாதிரி இரண்டு கம்பிகள் விரல் நீளத்துக்கு நீட்டிக்கொண்டிருக்கும். அதுதான் ஆன்டெனா. ஒன்று படுத்தும் ஒன்று நின்றும், இரண்டும் நீட்டி இருக்க வேண்டும். எனக்கு நீட்டிக்கொண்டிருக்கும் கம்பியைப் பார்த்தால் பொறுக்காது. இரண்டையும் தீக்குச்சியில் அழகாகச் சுருள் சுற்றி, காயிலுக்குக் கட்டும் பருத்தி நாடாவால் இறுக்கிக் கட்டினேன். இன்னொரு காயில்காரன் பார்த்தால் மெச்சிக்கொள்வான்.

இன்னொன்றும் செய்தேன். ரிமோட்டுக்கும் விமானத்துக்கும் தொடர்பு அறுந்துபோனால் மோட்டார் என்ன செய்ய வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லி வைக்கலாம். ஃபெயில்சேஃப் என்பார்கள். கிளப் விதிப்படி மோட்டார் நிற்க வேண்டும். எனக்கு அது பைத்தியக்காரத்தனமாகப் பட்டது. மேலே பறக்கிற விமானத்தில் மோட்டார் நின்றால் விழாதா? ஓடினால்தானே மேலே இருக்கும், மேலே இருந்தால்தானே தொடர்பு திரும்பக் கிடைக்கும்? இருபத்தாறு வருஷ அனுபவம் அப்படித்தான் சொன்னது. பாதி வேகத்தில் ஓடிக்கொண்டே இருக்கும்படி வைத்தேன். அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் மாற்றச் சொல்வாள்.

தனியாகப் பறக்கும் நாள் வந்தது. என் விமானம், என் ரிமோட். அவள் அட்டையோடு நின்றாள். இறக்கை, வால், விசிறி, பேட்டரி எல்லாம் டிக் ஆனது. கடைசி இரண்டு மட்டும் பாக்கி. ஒன்று, முப்பது தப்படி தள்ளிப் போய் ரிமோட்டின் பவரைக் குறைத்து, விமானம் கேட்கிறதா என்று பார்ப்பது. மற்றது, ஒருவர் விமானத்தைப் பிடித்துக்கொள்ள ரிமோட்டை அணைத்து, மோட்டார் நிற்கிறதா என்று பார்ப்பது.

"இது ரெண்டும் வீட்லயே பார்த்துட்டேன்மா. காத்து வந்துகினு இருக்குது" என்றேன்.

"ரெண்டுமா சார்? மோட்டார் நின்னுச்சா?"

"நின்னுச்சு."

அவள் என்னை ஒரு தடவை பார்த்தாள். கரும்புத் தோகை அசைய ஆரம்பித்திருந்தது. ஆறு மாதமாக ஒரு ஞாயிறு தவறாமல் வந்த மனுஷன். டிக் அடித்துக் கையெழுத்துப் போட்டாள்.

"எடுக்கிறேன்" என்று கத்தினேன். விமானம் நாலு முழம் ஓடி எழுந்தது. முதல் சுற்று சுத்தமாக வந்தது, இரண்டாவதும். பின்னால் பாய் "ஷோக்கா இருக்குதுண்ணே" என்றது காதில் விழுந்தது. மூன்றாவது சுற்றில் கொஞ்சம் தள்ளிப் போனதும் திருப்பினேன். திரும்பவில்லை.

"சார், திருப்புங்க."

"திருப்புறேன்மா. வரல."

அவள் ரிமோட்டைப் பிடுங்கினாள். விளக்கெல்லாம் எரிந்துகொண்டுதான் இருந்தது. வேகக் குச்சியைக் கீழே இழுத்தாள். மேலே மோட்டார் அதே சீரான சத்தத்தோடு ஓடிக்கொண்டிருந்தது. நான் சொல்லி வைத்தபடி பாதி வேகத்தில் கொல்லையைத் தாண்டியது, கரும்பைத் தாண்டியது. அதற்கு அப்புறம் வயல். அங்கே நடவு நடந்துகொண்டிருந்தது.

"வயல்ல ஆள்" என்று அவள் கத்தினாள். எல்லோரும் ஓடினோம். வரப்பில் ஓடத் தெரியாதவன் நான், இரண்டு தடவை சேற்றில் விழுந்தேன். விமானம் ஒரு பக்கமாகச் சாய்ந்து, வட்டமடித்துக்கொண்டே இறங்கியது. குனிந்திருந்த பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். தலையில் நாற்றுமுடி சுமந்து வரப்பில் வந்துகொண்டிருந்த ஒரு அம்மாவுக்கு மட்டும் மேலே பார்க்க முடியவில்லை. தலையில் சுமை. சத்தம் எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் அப்படியே நின்றுவிட்டார். விமானம் அவருக்கு இரண்டு கை தூரத்தில் வரப்பில் குத்தியது.

குத்திய பிறகும் விசிறி சுற்றியது. சேற்றை வாரி அந்த அம்மாவின் புடவை மேல் இறைத்தது. ரிமோட்டோடு ஓடிவந்தவள் கிட்டே வந்த பிறகுதான் அது நின்றது. நான் போய் பேட்டரியைப் பிடுங்கினேன்.

"இன்னாங்க இது, பேஜாரா கீது" என்றார் அந்த அம்மா. சுமையை இறக்கவே இல்லை. முகத்தில் இருந்த சேற்றைத் தோளில் துடைத்துக்கொண்டார். பாய் மன்னிப்புக் கேட்டார், அவளும் கேட்டாள், நானும் முணுமுணுத்தேன்.

திரும்பி நடக்கும்போது அவள் என்னிடம் கேட்டாள். "கிட்ட வந்ததும் நின்னுச்சு, அப்ப ரேஞ்ச் போயிருக்கு. ஆனா ஃபெயில்சேஃப் ஏன் வேலை செய்யல? நீங்க பார்த்தப்போ நின்னுச்சுல்ல சார்?"

அப்போதாவது சொல்லியிருக்கலாம். சேறும் வியர்வையுமாகப் பத்துப் பேர் என்னைப் பார்த்துக்கொண்டு வந்தார்கள். "நின்னுச்சும்மா" என்றேன்.

"அப்ப ரிசீவர் போயிருக்கும். இருந்தாலும் நான் கண்ணால பார்க்காம கையெழுத்துப் போட்டிருக்கக் கூடாது." தார்ப்பாய் நிழலுக்கு வந்ததும் அட்டையை பாய் கையில் கொடுத்தாள். "தப்பு என்னுது பாய். இனி நான் யாருக்கும் சொல்லிக்கொடுக்கல. அந்த லெட்டரும் வேணாம்."

என்ன லெட்டர் என்று பாய்தான் பிறகு சொன்னார். சென்னைப் பக்கம் டிரோன் விடக் கற்றுக்கொடுக்கும் ஒரு பயிற்சி நிலையத்தில் ஆசிரியர் வேலைக்கு அவள் விண்ணப்பித்திருந்தாள். இத்தனை பேருக்குப் பாதுகாப்பாகக் கற்றுக்கொடுத்தவள் என்று கிளப்பிலிருந்து ஒரு கடிதம் கேட்டிருந்தார்கள். பாய் அந்த வாரம் எழுதுவதாக இருந்தார். நான் விமானத்தைப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன்.

கடையில் அதைத் திறந்தேன். தீக்குச்சியில் சுற்றின ஆன்டெனா கண்ணுக்கு முன்னால் இருந்தது. சுருட்டின ஆன்டெனா தூரத்தில் சரியாகக் கேட்காது என்று அவள் வகுப்பு எடுத்தது அப்போதுதான் ஞாபகம் வந்தது. அன்றைக்கு நான் மண்டையை ஆட்டிக்கொண்டு மோட்டாரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போது நாடாவை அறுத்து நீட்டிவிட்டால் போதும். ஃபெயில்சேஃபை மாற்ற ஒரு நிமிஷம் ஆகாது. யாருக்கும் தெரியாது. கத்தரிக்கோலைக் கையில் எடுத்துவிட்டுக் கீழே வைத்தேன். மறுநாளும் எடுத்து வைத்தேன். அந்த வாரம் வந்த வாடிக்கையாளர்களிடமெல்லாம் எரிந்து விழுந்தேன். ஒருத்தர் மிக்ஸியைத் திருப்பி எடுத்துக்கொண்டே போய்விட்டார்.

வியாழக்கிழமை மனைவியிடம் சொன்னேன். முழுவதையும் கேட்டாள். அரிசி புடைப்பதை நிறுத்தவில்லை.

"இத ஏன் என்கிட்ட சொல்லிகினு கீறீங்க? அந்தப் பொண்ணுகிட்ட இல்ல சொல்லணும்."

"சொன்னா மானம் போயிடும்டி."

"இப்ப மட்டும் இருக்குதா?" என்றாள்.

ஞாயிறு காலை விமானத்தை அப்படியே எடுத்துக்கொண்டு போனேன். நாடாவைத் தொடவில்லை. அவள் வந்திருந்தாள், ஆனால் கோட்டுக்குப் பின்னால் நாற்காலியில் சும்மா உட்கார்ந்திருந்தாள். விமானத்தை மேஜை மேல் வைத்து மூடியைத் திறந்தேன். "எல்லாரும் வந்து பாருங்க" என்றேன். குரல் எனக்கே கேவலமாக இருந்தது. சுருளைக் காட்டினேன். ஃபெயில்சேஃபை எப்படி வைத்தேன், ஏன் வைத்தேன் என்று சொன்னேன். இரண்டு சோதனையும் செய்யவில்லை, செய்ததாக இரண்டு தடவை பொய் சொன்னேன், அந்தக் கையெழுத்தை நான் ஏமாற்றி வாங்கினேன் என்றும் சொன்னேன்.

பாய் சுருளைத் தொட்டுப் பார்த்தார். "கட்டு இன்னாமா கட்டிகிறாரு" என்றார். யாரோ சிரிப்பை அடக்கியது தெரிந்தது. அவள் சிரிக்கவில்லை. முகம் சிவந்திருந்தது.

"அந்தம்மாகிட்ட சொன்னீங்களா சார்?"

சொல்லவில்லை. அது என் மூளைக்கே எட்டவில்லை. கரும்பைச் சுற்றிக்கொண்டு போனேன், அவளும் கூட வந்தாள். இன்னொரு வயலில் நடவு. அந்த அம்மா கரையேறி வந்து காலைக் கழுவிக்கொண்டே நான் சொன்னதைக் கேட்டார். விமானத்துக்கும் ரிமோட்டுக்கும் தொடர்பு போனால் மோட்டார் நின்றிருக்க வேண்டும், நான்தான் ஓடட்டும் என்று வைத்தேன், அதனால்தான் உங்கள் மேல் வந்தது என்றேன்.

"நின்னிருந்தா எங்க வுழுந்திருக்கும்?"

"எங்க கொல்லையிலயே வுழுந்திருக்கும்மா. உடைஞ்சிருக்கும்."

"உங்க பொருளு உடையக் கூடாதுன்னு எங்க தலைமேல வுட்டீங்களா?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளக் கேட்டார். "கெட்டுப்போனா உங்ககிட்டயே வுழற மாதிரி பண்ணி வெச்சுக்குங்க. எங்களுக்குக் குனிஞ்சா மேல பாக்க நேரமில்ல."

அவர் வேலைக்குத் திரும்பிவிட்டார். நான் வரப்பில் நின்றுகொண்டே இருந்தேன். ஆறு மாதமாக அந்தப் பெண் அட்டையில் டிக் அடித்துச் சொல்லிக்கொடுத்ததை, ரிமோட்டையே தொடாத ஒருவர் ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டுப் போய்விட்டார். எனக்கு அழுகை வந்தது. பின்னால் அவள் நின்றாள், அதனால் மூக்கைச் சிந்திக்கொண்டேன்.

பாய் கடிதம் எழுதினார். நடந்ததை மறைக்காமல் எழுதும்படி அவளே கேட்டாள். எழுதியும் அவளுக்கு அந்த வேலை கிடைத்தது. எனக்கு மூன்று மாதம் பறக்கத் தடை. சும்மா இருக்கவிடவில்லை. யார் பறந்தாலும் மேடான வரப்பில் நின்று வயலைப் பார்த்து, ஆளோ மாடோ தெரிந்தால் குரல் கொடுப்பது என் வேலை. அந்த மூன்று மாதத்தில் விமானத்தை அண்ணாந்து பார்த்ததைவிட வயலைப் பார்த்ததுதான் அதிகம். எந்தக் கழனியில் என்றைக்குக் களை எடுப்பு என்றுகூடத் தெரிந்துவிட்டது. ரிமோட்டை அணைத்துப் பார்க்கும் சோதனையை இனி எல்லோர் முன்னிலையிலும்தான் செய்ய வேண்டும் என்று விதி வந்தது. அதற்குக் காயில்காரர் டெஸ்ட் என்று பேர் வைத்துவிட்டார்கள். முதலில் எரிச்சலாக இருந்தது. பழகிவிட்டது.

தடை முடிந்த ஞாயிற்றுக்கிழமை அவள் சென்னையிலிருந்து வந்திருந்தாள். அட்டையை பாய் அவளிடம்தான் கொடுத்தார். ஆன்டெனா இரண்டும் நீட்டி, ஒன்று படுத்து, ஒன்று நின்றது. முப்பது தப்படி நடந்து காட்டினேன். கடைசிச் சோதனைக்கு ரிமோட்டை அவளிடம் கொடுத்துவிட்டு, விமானத்தின் பின்பக்கம் மண்டியிட்டு, வாலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். மற்றவர்கள் கோட்டுக்குப் பின்னால் வரிசையாக நின்றார்கள்.

மோட்டாரை ஓட்டினாள். காற்று முகத்தில் அடித்தது. "அணைக்கிறேன்" என்று சத்தமாகச் சொல்லி ரிமோட்டை அணைத்தாள்.

மோட்டார் நின்றது. கரும்புக்கு அந்தப் பக்கம் வயலில் பெண்கள் பேசுவது காதில் விழுந்தது.

நின்ற மோட்டாரை ஓட வைத்தே பிழைத்தவன் நான். ஓடுகிற ஒன்று நின்றதற்காகச் சந்தோஷப்பட்டது அன்றைக்குத்தான். அவள் பேனாவைத் திறந்தாள்.

"கையெழுத்து இருக்கட்டும்மா. இன்னொரு வாட்டி அணைச்சுப் பாரு" என்றேன்.